ஜெர்மனிக்கு வாலண்டியரா போறீங்களா? முதல் மாசத்துல எதை எந்த வரிசைல முடிக்கணும்

எஃப்எஸ்ஜே இல்ல பிஎஃப்டி (ஜெர்மனில முதியோர் இல்லம், ஹாஸ்பிடல், கிண்டர்கார்டன் மாதிரி இடத்துல செய்ற வாலண்டியர் சர்வீஸ்) கான்ட்ராக்ட் கைல வந்து, விசாவும் ஸ்டாம்ப் ஆகி, அடுத்து என்னன்னு முழிச்சிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இது. எங்க அப்ளை பண்றது, ஏஜென்ட் வேணுமா வேணாமாங்கிறது வேற கதை (வேணாம்ங்கிறதுதான் என் கருத்து, செஞ்சிலுவைச் சங்கம், கரிட்டாஸ், டியாகோனி, ஆவோ மாதிரி, இந்த சர்வீஸை நடத்துற ட்ரேகர்ங்கிற அமைப்புங்க கிட்ட நேராவே அப்ளை பண்ணலாம், லட்சக்கணக்குல யாருக்கும் அழ வேண்டியதில்ல). நான் சொல்றது இறங்கின நாள்லருந்து முதல் நாலஞ்சு வாரம் பத்தி மட்டும்தான். எதுவுமே தனித்தனியா கஷ்டமான வேலை கிடையாது, ஆனா ஒவ்வொண்ணும் இன்னொண்ணோட தொங்கிட்டு இருக்கும், அட்ரஸ் பதிவு இல்லாம பேங்க் இழுக்கும், பேங்க் இல்லாம சம்பளம் வராது, லெட்டர் பாக்ஸ்ல பேர் இல்லாம எதுவுமே வராது. அதனால வரிசை முக்கியம்.

1. ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி: பேர் விஷயத்தை முடிச்சிடுங்க

நம்ம ஊர் பசங்க பாஸ்போர்ட்ல பாதிக்கு மேல சர்நேம் காலியா இருக்கும், இல்லன்னா அப்பா பேர் சர்நேம்ல இருக்கும், மார்க்‌ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும். ஜெர்மன் ஃபார்ம் எல்லாத்துலயும் குடும்பப் பேர், சொந்தப் பேர்னு ரெண்டு கட்டம் கண்டிப்பா இருக்கும், காலியா விட முடியாது. ஒரு ஆபீஸ்ல உங்க ஒத்தைப் பேரை குடும்பப் பேர் கட்டத்துல போட்டு பக்கத்துல ஒரு கோடு இழுப்பாங்க, இன்னொரு இடத்துல அதே பேரை ரெண்டு தடவ எழுதுவாங்க, இன்ஷூரன்ஸ்ல அப்பா பேரைச் சேர்ப்பாங்க, கடைசில மூணு ஆளா மாறிடுவீங்க. டைம் இருந்தா, அதாவது விசாவுக்கு இன்னும் அப்ளை பண்ணலன்னா, பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ பண்ணி ரெண்டு கட்டத்தையும் நிரப்பிடுங்க. டைம் இல்லன்னா விசா ஸ்டிக்கர்ல எப்படி இருக்கோ அதே எழுத்து, அதே வரிசை, எல்லா இடத்துலயும் அதை மட்டும்தான் எழுதணும். கான்ட்ராக்ட்ல வேற மாதிரி இருந்தா இப்பவே மெயில் போட்டு மாத்தச் சொல்லுங்க, அங்க போய் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

கைப்பையில (செக்-இன் லக்கேஜ்ல இல்ல, கைப்பையில) இருக்க வேண்டியது: பாஸ்போர்ட், ஒரிஜினல் கான்ட்ராக்ட், தங்குற இடத்தோட கன்ஃபர்மேஷன் லெட்டர், இன்ஷூரன்ஸ் பேப்பர், பர்த் சர்டிஃபிகேட், ப்ளஸ் டூ மார்க்‌ஷீட்டும் அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பும், ஜெர்மன் லெவல் சர்டிஃபிகேட், தடுப்பூசி ரெக்கார்ட். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்லயும் போட்டு வைங்க.

தடுப்பூசில ஒரு பெரிய பொறி இருக்கு. ஜெர்மனில 2020 மார்ச்லருந்து தட்டம்மை பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கிண்டர்கார்டன், ஸ்கூல், ஹாஸ்பிடல் மாதிரி இடத்துல வேலை செய்றவங்க 1970க்கு அப்புறம் பிறந்திருந்தா ரெண்டு டோஸ் தட்டம்மை ஊசி போட்டதுக்கு ப்ரூஃப் காட்டணும், இல்லன்னா உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்குன்னு லேப் ரிப்போர்ட் காட்டணும். சின்ன வயசுல போட்ட அட்டை நம்ம வீட்டுல எத்தனை பேர் கிட்ட பத்திரமா இருக்கு சொல்லுங்க. அட்டை கிடைக்கலன்னா ஊர்லயே எம்எம்ஆர் ரெண்டு டோஸ் போட்டுட்டு, தேதி, டாக்டர் சீல் எல்லாம் இங்கிலீஷ்ல வாங்கிக்கோங்க. ரெண்டு டோஸுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு வாரம் கேப் வேணும், அதனால கடைசி வாரத்துல ஞாபகம் வந்து பிரயோஜனமில்ல.

இந்திய போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட் கேக்குறாங்களான்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க. பாஸ்போர்ட் சேவாவுல 500 ரூபாய்தான், ஆனா அங்க போனப்புறம் எடுக்கணும்னா தூதரகம் வழியா அலையணும்.

2. எந்த நாள் இறங்கணும், எவ்வளவு காசு எடுத்துட்டுப் போகணும்

திங்கள்லருந்து புதனுக்குள்ள இறங்குற மாதிரி டிக்கெட் போடுங்க. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கினா ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், நம்ம ஊர் மாதிரி பாதி ஷட்டர் போட்டு வியாபாரம் பண்றதெல்லாம் கிடையாது, நிஜமாவே மூடிடுவாங்க. பெரிய ரயில்வே ஸ்டேஷன் உள்ள இருக்கிற கடைங்க மாதிரி சிலது மட்டும் திறந்திருக்கும், அங்க விலை ஜாஸ்தி. பொது விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போற மாநிலத்தோட லிஸ்டைப் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, உங்க கட்டாய ஹெல்த் இன்ஷூரன்ஸ் சர்வீஸ் ஆரம்பிக்கிற தேதிலருந்துதான் ஓடும். 1ஆம் தேதி வேலை, 26ஆம் தேதியே போறேன்னா நடுவுல இருக்கிற நாளுக்கு ட்ராவல் இன்ஷூரன்ஸ் இருக்கணும். விசாவுக்குக் குடுத்த பாலிசில தேதி எதுவரைக்கும்னு ஒரு தடவ எடுத்துப் பாருங்க.

காசு விஷயத்துல ஓப்பனா சொல்றேன். டாஷன்கெல்டுன்னு சொல்ற பாக்கெட் மணி மாசக் கடைசிலயோ அடுத்த மாசம் நடுவுலயோதான் வரும், அதுவும் பேங்க் அக்கவுண்ட் ஆரம்பிச்சிருந்தாதான். அதனால முதல் ஆறு வாரத்துக்கு உங்க சொந்தக் காசுலதான் ஓடணும். தங்குறதும் சாப்பாடும் அவங்க குடுத்தாக்கூட 500 யூரோ கைல இருக்கிறது நல்லது, சாப்பாடு நம்ம பாடுன்னா 700 வைங்க. கொஞ்சம் கேஷா, மிச்சம் ஃபாரெக்ஸ் கார்டுல. கேஷ் கண்டிப்பா வேணும், சின்ன பேக்கரி, லாண்டரி மெஷின்னு இன்னும் பல இடத்துல கார்டு ஓடாது.

டாஷன்கெல்டுக்கு சட்டத்துல உச்சவரம்பு மட்டும்தான் இருக்கு, 2025ல அது மாசம் 644 யூரோவா இருந்துச்சு. அவ்வளவு கிடைக்கும்னு அர்த்தம் இல்ல, நிறைய இடத்துல அதை விட நல்லாவே கம்மி. கான்ட்ராக்ட்ல ரூமும் சாப்பாடும் இந்தத் தொகைக்கு மேல தராங்களா, இல்ல இதுலருந்து புடிக்கிறாங்களான்னு பாருங்க. ஒரே 450 யூரோதான், ஆனா ரூம் ஃப்ரீயா இருக்கிற 450 வேற, ரூமுக்கு 250 கட்டிட்டு மிஞ்சுற 200 வேற.

லக்கேஜ்ல நெய், பால் பவுடர், இறைச்சி வேண்டாம், ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளிநாட்டுலருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை இருக்கு. ஃப்ரெஷ் கறிவேப்பிலையும் அப்படித்தான், சர்டிஃபிகேட் இல்லாம விடமாட்டாங்க, காய வெச்சு பொடியா எடுத்துட்டுப் போங்க. அம்மா கண்டிப்பா ஒரு டப்பா நெய்யை துணிக்கு நடுவுல சொருகுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க.

3. முதல் நாள்: சாவியும் லெட்டர் பாக்ஸும்

ரூமுக்குள்ள போனதும் வைஃபை பாஸ்வேர்ட் கேக்குறதுக்கு முன்னாடி கீழ இறங்கி லெட்டர் பாக்ஸைப் பாருங்க. அங்க ஃப்ளாட் நம்பர் பாத்து லெட்டர் போடமாட்டாங்க, பாக்ஸ் மேல ஒட்டியிருக்கிற பேரைப் பாத்துதான் போடுவாங்க. உங்க பேர் அங்க இல்லன்னா லெட்டர் திரும்பிப் போயிடும், போஸ்ட்மேன் யாரையும் கூப்ட்டு விசாரிக்கமாட்டார். டேக்ஸ் நம்பர், பேங்க் கார்டு, பின் நம்பர், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாமே பேப்பர் லெட்டராத்தான் வருது, பின் நம்பர் கார்டு கூட வராது, தனி கவர்ல ரெண்டு மூணு நாள் தள்ளி வரும். ஒரு சின்ன பேப்பர்ல பேரைப் பெரிய எழுத்துல எழுதி, மேல செல்லோடேப் முழுசா ஒட்டி (மழைல மை கரையாம இருக்கணும்) அன்னிக்கே ஒட்டிடுங்க. காலிங் பெல்லுக்குப் பக்கத்துலயும் அதே பேர். ஏற்கனவே இருக்கிறவங்க பேரை மறைச்சு ஒட்டாதீங்க, முதல் நாளே சண்டை வேண்டாம். ஹாஸ்டல் மாதிரி இடம்னா லெட்டர் எங்க வரும்னு ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

சாவி பத்திரம். பெரிய கட்டிடங்கள்ல ஒரே சாவி சிஸ்டமா இருக்கும், ஒண்ணு தொலைஞ்சா பல பூட்டு மாத்தணும், பில் ஆயிரக்கணக்குல போகலாம். லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் ட்ரேகர் போட்டிருக்காங்களா, அதுல சாவியும் சேருமான்னு கேளுங்க, இல்லன்னா நீங்களே ஒண்ணு போட்டுக்கோங்க, மாசத்துக்கு சில யூரோதான். கதவு வெளிப்பக்கம் தானா லாக் ஆகும், குப்பை கொட்டப் போனாக்கூட சாவி பாக்கெட்ல இருக்கணும்.

4. முதல் ரெண்டு வாரம்: ஆன்மெல்டுங்

இதுதான் எல்லாத்துக்கும் தாய் வேலை. குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸைப் பதிவு பண்ணணும்னு சட்டம். டவுன் ஆபீஸ்ல, அதாவது பியூர்கர்ஆம்ட்ல பண்ணணும், ஃபீஸ் கிடையாது. வேண்டியது பாஸ்போர்ட், விசா, ஃபார்ம், அப்புறம் வீட்டு ஓனர் இவர் இங்க குடி வந்துட்டார்னு கையெழுத்துப் போட்டுத் தர்ற பேப்பர், அதுக்குப் பேரு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பேரைப் பாத்து பயப்படாதீங்க, ஒரு பக்கம்தான். வாடகை அக்ரிமென்ட்டை நீட்டினா செல்லாது, இதே பேப்பர்தான் வேணும், குடி வந்த தேதி அதுல இருக்கணும். ரூம் வேலை செய்ற இடத்தோடதுன்னா அவங்கதான் இதைத் தரணும், நீங்க ஊர்லருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டு வைங்க.

பெரிய சிட்டில ரெண்டு வாரத்துக்குள்ள அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது கஷ்டம். ஊர்ல இருக்கும்போதே ஆன்லைன்ல பாத்து புக் பண்ணுங்க, காலைல ஆபீஸ் திறக்கிற நேரத்துல கேன்சல் ஆன ஸ்லாட் விழும். அப்படியும் தேதி தள்ளிப்போனா புக்கிங் மெயிலை பிரிண்ட் எடுத்து வைங்க, டைமுக்கு முயற்சி பண்ணேன்னு காட்ட அது போதும். சின்ன ஊர்னா நேரா போனாலே முடிஞ்சிடும்.

ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கம், இவாஞ்சலிக்கல்னு எழுதினா பின்னாடி சம்பளம் வாங்கும்போது இன்கம் டேக்ஸ் மேல 8 இல்ல 9 சதவீதம் சர்ச் வரி வரும். டாஷன்கெல்டுக்கு வரி இல்லாததால இப்ப தெரியாது, அப்புறம் வேலைக்கோ அவுஸ்பில்டுங்குக்கோ (சம்பளத்தோட படிக்கிற தொழிற்பயிற்சி) போகும்போதுதான் தெரியும். உண்மைய எழுதுங்க, ஆனா அதோட விளைவு தெரிஞ்சு எழுதுங்க.

முடிஞ்சதும் ஒரு சர்டிஃபிகேட் தருவாங்க, கவுன்ட்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி அதுல பேர், பிறந்த தேதி, அட்ரஸ் ஒவ்வொரு எழுத்தா படிங்க. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அங்கயே மாத்தச் சொல்லுங்க. அந்தத் தப்புதான் டேக்ஸ் ஆபீஸ், இன்ஷூரன்ஸ், ரெசிடென்ஸ் கார்டுன்னு எல்லா இடத்துக்கும் காப்பி ஆகும். வேலை செய்ற இடத்துல ஜெர்மன் போலீஸ் சர்டிஃபிகேட் கேட்டிருந்தா அதுக்கும் இதே ஆபீஸ்தான், கேட்டு எழுதின லெட்டரைக் கைல எடுத்துட்டுப் போனா ஒரே ட்ரிப்ல முடியும், வாலண்டியர்னு காட்டினா ஃபீஸும் வாங்கமாட்டாங்க.

5. அதே வாரம்: பேங்க், சிம், இன்ஷூரன்ஸ்

பேங்க்குக்கு பாஸ்போர்ட்டும் அட்ரஸ் பதிவு சர்டிஃபிகேட்டும் எடுத்துட்டுப் போங்க. பதிவு பண்ணும்போது தானா ஒரு டேக்ஸ் நம்பர் உருவாகி ரெண்டு மூணு வாரத்துல லெட்டரா வரும், பேங்க் கேட்டா பின்னாடி தரேன்னு சொல்லலாம். அக்கவுண்ட் தரமாட்டோம்னு யாராவது சொன்னா மனசு விடாதீங்க, சட்டப்படி அங்க தங்குற எல்லாருக்கும் அடிப்படை அக்கவுண்ட் வாங்குற உரிமை இருக்கு, ‘பாசிஸ்கோன்டோ’ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. மாசக் கட்டணம் எவ்வளவுன்னு பாருங்க, 27 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு, வாலண்டியர்களுக்கு ஃப்ரீயா தர்ற பேங்க் இருக்கு.

ப்ரீபெய்ட் சிம் சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும், ஆனா ஐடி வெரிஃபிகேஷன் இல்லாம ஆன் ஆகாது. வீடியோ கால்ல பாஸ்போர்ட்டைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் காட்டச் சொல்வாங்க, இல்லன்னா போஸ்ட் ஆபீஸ்ல போய் முடிக்கலாம். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் சிம்ல கையெழுத்துப் போடாதீங்க, நீங்க இருக்கப்போறதே ஒரு வருஷம்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டணத்தை முழுக்க ட்ரேகரோ வேலை இடமோதான் கட்டுவாங்க, உங்க பாக்கெட்ல கை வைக்கமாட்டாங்க. ஆனா எந்த கம்பெனின்னு நீங்கதான் சொல்லணும், சர்வீஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. போட்டோ வெச்ச கார்டு வர சில வாரம் ஆகும். அதுக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர் கிட்ட போகக்கூடாதுன்னு இல்ல, மெம்பர்ஷிப் சர்டிஃபிகேட் ஒண்ணு கேட்டா மெயில்லயே அனுப்புவாங்க, அதைக் காட்டினா போதும். ராத்திரி, வீக்கெண்ட்ல உடம்பு சரியில்ல ஆனா உயிருக்கு ஆபத்தில்லன்னா 116117, ஆம்புலன்ஸ், ஃபயர்னா 112, போலீஸ் 110.

6. ரெசிடென்ஸ் பெர்மிட்

விசாவை ஒரு தடவ நல்லா படிங்க, சில பேருக்கு முழு வருஷத்துக்கும் அடிச்சிருப்பாங்க, சில பேருக்கு மூணு இல்ல ஆறு மாசம்தான். கம்மியா இருந்தா அந்தத் தேதிக்குள்ள வெளிநாட்டவர் ஆபீஸ்ல, அவுஸ்லெண்டர்பெஹோர்டெல, அப்ளை பண்ணியாகணும். இறங்கின முதல் வாரமே அப்பாயின்ட்மென்ட் கேட்டு மெயில் போடுங்க, தேதி முடியுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கேட்டா கிடைக்காது. 2025 மே மாசத்துலருந்து பேப்பர் போட்டோ வாங்குறதில்ல, ஸ்டுடியோவுல டிஜிட்டலா எடுத்து ஸ்கேன் பண்ற கோட் ஒண்ணு தருவாங்க, இல்லன்னா ஆபீஸ் மெஷின்லயே எடுக்கலாம். ஊர்ல எடுத்த முப்பது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இங்க உதவாது. ஃபீஸ் 100 யூரோ வரைக்கும் வரும், அதைத் தனியா எடுத்து வைங்க. கார்டு பிரிண்ட் ஆகி வர பல வாரம் ஆகும்.

கார்டு வர்றதுக்குள்ள விசா முடிஞ்சா ஒரு இடைக்காலப் பேப்பர் தருவாங்க. அதை வெச்சு ஊருக்குப் போய்ட்டு திரும்ப வரலாமாங்கிறது அதுல எந்தக் கட்டத்துல டிக் பண்ணியிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது. தீபாவளிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல கேட்டு மெயில்ல பதில் வாங்கிக்கோங்க.

7. வேலை இடத்துல முதல் வாரம்

வழக்கமா முதல் ஆறு வாரம் ப்ரோபேஷன். வாரத்துக்கு 38லருந்து 40 மணி நேரம், முதியோர் இல்லம்னா காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கே ஆரம்பிக்கும். ஆறுன்னா ஆறு மணிக்கு யூனிஃபார்ம் மாத்தி நிக்கணும், கேட்டுக்குள்ள நுழையிறது இல்ல.

நீங்க ஜெர்மன்ல பி1 லெவல் பாஸ் பண்ணியிருந்தாலும் ஷிஃப்ட் மாறும்போது நர்ஸுங்க பேசுறது முதல் வாரம் பாதி புரியாது. கிளாஸ்ல கேட்ட ஜெர்மன் ஒண்ணு, பல் செட் கழட்டி வெச்ச தாத்தா வட்டார வழக்குல கேக்குற ஜெர்மன் வேற. நம்ம பழக்கம் என்ன, புரியலன்னாலும் தலையாட்டிட்டு சிரிக்கிறது. அதை மட்டும் விட்டுடுங்க ப்ளீஸ். இவருக்கு தண்ணில கெட்டியாக்குற பவுடர் கலந்துதான் குடுக்கணும்னு சொல்லியிருப்பாங்க, நீங்க தலையாட்டிட்டு வெறும் தண்ணி குடுத்தா அவருக்குப் புரை ஏறி உயிருக்கே ஆபத்தாகும். பாக்கெட்ல சின்ன நோட்டு வைங்க, சொன்னதை உங்க வார்த்தைல திரும்பச் சொல்லிக் காட்டுங்க. அப்படிக் கேக்குறவங்களை யாரும் மட்டமா நினைக்கிறதில்ல, கேக்காம செய்றவங்களைப் பாத்துதான் பயப்படுவாங்க.

உங்களை உதவிக்குத்தான் எடுத்திருக்காங்க, நர்ஸ் வேலைக்கு இல்ல. ஊசி போடு, மாத்திரை பிரிச்சு வைன்னு சொன்னா, ஆள் பத்தலன்னு கெஞ்சினாலும், எனக்கு அனுமதி இல்லன்னு மரியாதையா சொல்லிடுங்க. உங்களுக்குன்னு வேலை இடத்துல ஒருத்தர், ட்ரேகர் பக்கம் ஒருத்தர்னு பொறுப்பாளர் இருப்பாங்க, ரெண்டு நம்பரையும் முதல் நாளே வாங்கிக்கோங்க, வேலை இடத்துல பிரச்சனைன்னா ட்ரேகர் ஆள்தான் உங்க பக்கம்.

உடம்பு சரியில்லன்னா ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணணும், மூணு நாளுக்கு மேல போனா டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயம், சில இடத்துல முதல் நாளே கேப்பாங்க, கான்ட்ராக்ட்ல இருக்கும். சமையலறைல கை வைக்கப் போறீங்கன்னா சுகாதாரத் துறையோட ஒரு சின்ன வகுப்பு சர்டிஃபிகேட் வேணும், அது இல்லாம ரொட்டில வெண்ணெய்கூட தடவ விடமாட்டாங்க.

8. சின்னச் சின்னதா காசு போற இடங்கள்

பதிவு பண்ண கொஞ்ச நாள்ல டிவி-ரேடியோ கட்டணம்னு ஒரு லெட்டர் வரும், மாசம் 18.36 யூரோ. எங்கிட்ட டிவியே இல்லையேன்னு கிழிச்சுப் போடாதீங்க, டிவி இருக்கோ இல்லையோ வீட்டுக்கு ஒண்ணு கட்டணும். ஆனா ஒரே வீட்டுல நாலு பேர் இருந்தா ஒருத்தர் கட்டினா போதும், அவரோட நம்பரை உங்க பதில்ல எழுதி அனுப்பினா உங்களுக்கு முடிஞ்சது. பதிலே போடலன்னா பாக்கி ஏறிக்கிட்டே போகும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரிலருந்து மாசம் 63 யூரோ, நாடு முழுக்க லோக்கல் பஸ், ட்ராம், ரீஜனல் ட்ரெயின் எல்லாம் போகலாம், ஐசிஇ மாதிரி வேக ட்ரெயின்ல செல்லாது. இது சப்ஸ்கிரிப்ஷன், வேண்டாம்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும். வேலை இடம் இதுக்குக் காசு தராங்களான்னு கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க. டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ, ஃபோன் சார்ஜ் போயிடுச்சுன்னு சொன்னா அந்த இடத்துல கேக்கமாட்டாங்க. மெஷின்ல எடுக்கிற பேப்பர் டிக்கெட்டை பல ஊர்ல ஏறும்போது ஸ்டாம்ப் பண்ணணும்.

தண்ணி பாட்டில்ல 25 சென்ட் டெபாசிட் இருக்கு, நசுக்காம சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா திரும்ப வரும். ஆனா குழாய்த் தண்ணியே குடிக்கலாம். குப்பையப் பிரிக்கிறதை ரூம்மேட் கிட்ட முதல் நாளே கேட்டுக்கோங்க, கண்ணாடி பாட்டிலை ஞாயித்துக்கிழமை போய் தொட்டில போடாதீங்க, சத்தம்னு பக்கத்து வீட்டுல கத்துவாங்க. குளிர் காலத்துல ஜன்னலை தினமும் ரெண்டு மூணு தடவ முழுசா திறந்து அஞ்சு நிமிஷம் காத்து விடணும், நாம ரசம், குழம்புன்னு கொதிக்க வைக்கிற ஆளுங்க, சுவத்துல பூஞ்சை வந்தா காலி பண்ணும்போது டெபாசிட்ல புடிப்பாங்க.

9. தனிமை, அப்புறம் அடுத்த வருஷம்

மூணாவது வாரம் கொஞ்சம் மோசமா இருக்கும். ஆபீஸ் அலைச்சல் குறைஞ்சு, குளிர் காலம்னா சாயங்காலம் நாலரைக்கே இருட்டி, ஊர்ல எல்லாரும் தூங்கப் போற நேரத்துல நீங்க ரூமுக்கு வருவீங்க. ஒரு வருஷ சர்வீஸ்ல 25 நாள் செமினார் இருக்கு, முதல் செமினார் தேதி எப்பன்னு கேட்டு வைங்க, உங்களை மாதிரியே முழிக்கிற பசங்க அங்கதான் கிடைப்பாங்க, ஊர் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ கால் பேசிட்டு காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறதை விட அது எவ்வளவோ மேல்.

அவுஸ்பில்டுங் போற ஐடியா இருந்தா முதல் மாசமே ரெண்டு வேலை ஆரம்பிக்கணும். ஒண்ணு, ப்ளஸ் டூ சர்டிஃபிகேட்டை அந்த மாநிலத்துல அங்கீகாரத்துக்குக் குடுக்கிறது, இதுக்கே மாசக்கணக்குல ஆகும். ரெண்டு, பி2 கிளாஸ், ட்ரேகர் ஃபீஸ்ல பங்கு தராங்களான்னு கேளுங்க. நிறைய அவுஸ்பில்டுங் ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆரம்பிக்குது, அதுக்கு முந்தின குளிர்காலத்துலயே ஆள் எடுத்து முடிச்சிடுவாங்க. கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் பழைய பெர்மிட் முடியிறதுக்குள்ள அதே வெளிநாட்டவர் ஆபீஸ்ல மாத்த அப்ளை பண்ணணும். ஊருக்கே திரும்புறதா இருந்தா, காலி பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிலருந்து ரெண்டு வாரம் பின்னாடி வரைக்கும் அட்ரஸ் பதிவை ரத்து பண்ண டைம் இருக்கு. அந்தப் பேப்பர் கைல இருந்தாதான் டிவி கட்டணத்தையும் சிம்மையும் நிறுத்த முடியும், பேங்க் அக்கவுண்டை கடைசி டாஷன்கெல்டும் வீட்டு டெபாசிட்டும் வந்து சேர்ந்த அப்புறம் மூடுங்க.